சவரத்துக்குப் பிறகு இரண்டு நிமிஷம்

என் அண்ணனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நேரம் இருந்தது. காலையில் கொல்லைக் குழாயடியில் அவன் சவரம் செய்து முடிப்பான். பிறகு வாளியில் ஐஸ் போட்டு வைத்திருக்கும் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொள்வான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அறைக்குப் பிறகு இரண்டு நிமிஷம் அவன் மனுஷனாக இருப்பான். அதற்குள் கேட்டுவிட வேண்டும். சோப்பு நுரை முகத்தில் இருக்கும்போது வாயைத் திறந்தால் குவளை பறந்து வரும். முகம் காய்ந்த பிறகு திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு வேலை ஐஸ் கம்பெனியில். அம்மோனியா ஓடும் மெஷின் ரூமுக்கு அவன்தான் பொறுப்பு. அந்த வாயு கசிந்தால் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் வால்வை மூட வேண்டும். தாடியோ மீசையோ இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டி உட்காராது, இடுக்கு வழியாக வாயு உள்ளே வந்து கண்ணையும் தொண்டையையும் பொசுக்கிவிடும். அதனால் தினமும் மழமழவென்று சவரம் செய்தாக வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஒரு நாள் இவன் மீசையோடு போனபோது சூப்பர்வைசர் வாசலிலேயே தடுத்தார். அண்ணன் அவர் மூக்கை உடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மீசையை எடுத்துவிட்டு, திரும்ப வேலைக்குப் போனான். அவனை விட்டால் அந்த ரூமுக்குள் போக வேறு ஆள் கிடையாது. அதனால் சூப்பர்வைசர்தான் பஞ்சு வைத்த மூக்கோடு சமாதானம் பேசினார்.

சாயங்காலம் வேலை விட்டு வரும்போது ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவருவான். காலை வரைக்கும் பாதியாவது கரையாமல் இருக்கும். அது சவரத் தண்ணீருக்கு மட்டும்தான். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத் தொடக்கூடாது. தெருவில் அவனுக்கு ஐஸ்காரன் என்றே பெயர். அவன் நடந்து போனால் பெட்டியில் இருக்கிற ஐஸ் அவன் சூட்டிலேயே கரைகிறது என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சிரித்தவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரர். அவருக்கு மூன்று தையல் போட்டார்கள்.

அவனை இப்படிப் பிறந்தவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நான் கூடவே வளர்ந்தவள். அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார், அந்த மூன்று நாளும் எங்களுக்கு அடி. அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போய்விட்டாள், அதனால் அவள் பங்கும் எங்களுக்கே வந்தது. பெல்ட், செருப்பு, லாரிச் சங்கிலி, கையில் எது கிடைக்கிறதோ அது. அண்ணனை அடிக்கும்போது அப்பா பேசவே மாட்டார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

அண்ணனுக்குப் பதினேழு வயதில் ஒரு நாள் காலை, அப்பாவின் ரேசரை எடுத்து முதல்முதலாகச் சவரம் செய்துகொண்டிருந்தான். முகம் முழுக்க நுரை. அவனுக்கே சிரிப்பாக இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்பா பின்னாலிருந்து வந்து பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டார். ரேசர் சறுக்கி, காதுக்குக் கீழே தாடை ஓரமாக இறங்கிவிட்டது. வெள்ளை நுரை சிவப்பாக வழிந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தான், குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்கினான், அப்பாவை அடித்தான். தண்ணீரோடு ஒரு அடி, காலி வாளியால் ஏழெட்டு அடி. தோளில், முதுகில், தடுக்க வந்த கையில். அப்பா குழாயடியில் சுருண்டு விழுந்து போதும் போதும் என்று கத்தினார். அந்த மாதிரி வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தகர வாளி ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. அண்ணன் அதிலேயே தண்ணீர் பிடித்தான். அது பனி கொட்டும் மாதம், குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். முகத்தில் அறைந்து கழுவினான். கழுவிவிட்டு நிமிர்ந்தவன் வேறு ஆளாக இருந்தான். காதுக்குக் கீழே இரத்தம் உறைந்து நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, ஸ்கூலுக்கு நேரமாகவில்லையா என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டான். எனக்குப் பதினோரு வயது. தரையில் அப்பா முனகிக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கூலில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டேன். போ என்றான்.

அந்த இரண்டு நிமிஷத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். வீட்டில் அதைச் சட்டமாக்கியவளும் நான்தான். அப்பா அதற்குப் பிறகு கையை ஓங்கவே இல்லை, மூன்று வருஷம் கழித்து நெஞ்சு வலியில் போய்விட்டார். அடிக்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். எனக்கு அவனிடம் அதிகம் அடி விழுந்ததில்லை, ஏனென்றால் எனக்கு நேரம் தெரியும். மேலே படிக்க, தையல் கம்பெனி வேலைக்குப் போக, எல்லாம் அந்த ஈர முகத்திடம் கேட்டு வாங்கியதுதான். வெளியே இருந்தவர்களுக்கு நேரம் தெரியாது. அவர்கள் பல்லும் மூக்கும் போனது.

அண்ணி கல்யாணமாகி வந்த மறுநாளே அவளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். எது வேண்டுமானாலும் மூன்றாவது தண்ணீருக்குப் பிறகு கேளுங்கள் அண்ணி, அதற்கு முன்னால் மூச்சு விடாதீர்கள் என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து, நுரை முகத்தோடு இருந்தவனிடம் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். பித்தளைக் குவளை அவள் புருவத்தில் பட்டு இரண்டாகப் பிளந்தது, புருவத்தைச் சொல்கிறேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து அவனே துணியைக் கட்டிவிட்டு, கேஸுக்கும் ஆள் அனுப்பினான். அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள்.

அண்ணி வாயாடி இல்லை. ஆனால் அவளுக்குள் ஒரு குசும்பு உண்டு. அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவள் ஆபீஸ் என்று பெயர் வைத்தாள். மூன்றாவது அறை விழுந்ததும் சமையலறையிலிருந்து, "ஆபீஸ் திறந்தாச்சு, போ" என்பாள். நான் போய்க் கேட்டுவிட்டு வருவேன், பிறகு அவள் போவாள். இருவரும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். மற்றவர்கள் புருஷனுக்கு ஐஸ் வைக்க வேண்டும், நம் ஆள் தனக்குத் தானே வைத்துக்கொள்கிறான் என்பாள். அப்படிச் சிரித்த நாளிலும் சாயங்காலம் அவளுக்கு விழும். குழம்பில் உப்பு, வாசலில் நின்றாள், நிற்கவில்லை, ஏதாவது ஒன்று. நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். காலையில் ஆபீஸ் திறக்கும் என்று இருப்பேன்.

என் கல்யாணத்துக்கும் அங்கேதான் அனுமதி வாங்கினேன். பேட்டரிக் கடைக்காரர், தாடிக்காரர், அதிர்ந்து பேசாதவர். அதிர்ந்து பேசாததைப் பார்த்துத்தான் விழுந்தேன். கல்யாணமான மூன்றாவது வருஷம் முதல்முறையாக அறை விழுந்தபோது நான் அழவில்லை, நேரம் தேடினேன். இவருக்கும் ஒரு இரண்டு நிமிஷம் இருக்கும், எப்போது என்று கண்டுபிடித்தால் போதும் என்று பைத்தியக்காரி மாதிரி கவனித்தேன். குளித்த பிறகா, டீ குடித்த பிறகா, கடை சாத்திய பிறகா. அவருக்குச் சவரமும் கிடையாது, நேரமும் கிடையாது. அமைதியாகப் பேசிக்கொண்டே அடிக்கிற ஜாதி. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் கொன்றுவிடுவான், உள்ளே போய்விடுவான், அண்ணியும் குழந்தையும் தெருவில் நிற்பார்கள். இப்படிச் சொல்லி இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ஒரு நாள் விடியற்காலை, கம்பெனியில் நான் ஓவர்டைம் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. பேட்டரிக் கடைக்காரர் முதலில் கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு என் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். நான் கத்தவில்லை, அது அவருக்குப் பிடிக்கவில்லை. மணிக்கட்டில் ஒரு சத்தம் வரும் வரைக்கும் முறுக்கினார். குச்சி ஒடிகிற மாதிரிதான் இருந்தது. பிறகு கையை விட்டுவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்றார்.

நான் முதல் பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே போய் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இருந்த ஐஸ் முழுவதையும் ஒரு துண்டில் கொட்டி என் கையைச் சுற்றிக் கட்டினாள். எனக்கு உயிர் வந்தது. அந்த வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் தொடாத ஐஸ் அது. தொட்டது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை, வலி அப்படி.

அண்ணி, அவனிடம் சொல்லாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டும், ஆனால் ஆபீஸ் திறந்த பிறகு சொல்ல வேண்டும், அப்போது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டான், நீ இங்கேயே இரு என்று மட்டும் சொல்வான் என்றேன். எனக்கு அந்த ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அவன் சொல்லாமல் அந்த வீட்டில் நான் தங்க முடியாது, வேறு போக்கிடமும் இல்லை. அண்ணி, சரி, மூணாவது தண்ணி விழட்டும் என்றாள்.

அண்ணன் எழுந்து கொல்லைக்குப் போனான். சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி. பிரஷ்ஷைக் குழைத்து நுரை தேய்த்தான். காதுப் பக்கத்திலிருந்து கீழே இழுத்தான், பழைய தழும்பு வந்ததும் ரேசரைச் சாய்த்துப் பிடித்தான். நாங்கள் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். குழாயடிக்கு நான்கு அடி தள்ளி, அவன் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது. கையில் ரேங்க் கார்டு. கையெழுத்து வாங்க வேண்டும், கணக்கில் மார்க் குறைவு. நுரை முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல், எதுவும் பேசாமல் நின்றாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தண்ணீர் விழுந்தது. ஒன்று. கொஞ்சம் நேரம் எடுத்தான். இரண்டு. மூன்று. நான் வெளியே போய், "அண்ணே, அவர் என் கைய உடைச்சிட்டார்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் பட்ட முகம் எனக்குத் தெரியும். தோல் இறுகி, மயிர்க்கால் குத்திட்டு, உதடு லேசாக நீலம் பூத்திருக்கும். இந்த முகம் சிவந்திருந்தது. வாளியில் இருந்தது வெறும் தண்ணீர். இராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீர். முதல் அறைக்குப் பிறகு அவன் நின்றது அதனால்தான். இத்தனை வருஷம் சத்தத்தை மட்டும் எண்ணிப் பழகியவள், தண்ணீரைப் பார்க்காமல் போனேன்.

அவன் என் கையில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தான். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "ஐஸ் எங்கன்னு பாத்தேன்" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஐஸ் கொக்கியை எடுத்தான். கட்டிகளைக் குத்தி இழுக்கிற கொக்கி, ஒரு முழம் இரும்பு, மரப்பிடி.

அண்ணி வாசலை மறித்து நின்றாள். முதலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொன்னாள். பாதி சொல்லியிருப்பாள். அவன் கொக்கியைப் பிடித்திருந்த கையாலேயே அவள் வாயில் அடித்தான். மரப்பிடி பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நிலைப்படியோடு சரிந்து உட்கார்ந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போனான். குழந்தையின் கையிலிருந்த கார்டு தண்ணீரில் விழுந்தது, அவள் அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அண்ணியைத் தூக்கவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு அண்ணன் பின்னால் ஓடினேன். தடுப்பதற்காக ஓடினேன் என்று போலீஸிடமும் சொன்னேன், தெருவிலும் சொன்னேன். பார்ப்பதற்காகத்தான் ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் கடை. பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ரப்பர் கையுறையோடு ஆசிட் ஜாடியை நகர்த்திக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் தாடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். வயிற்றில் உதைத்தான், விலாவில் உதைத்தான், முகத்தைக் கல்லா மேஜையின் கால் மேல் இரண்டு முறை மோதினான். அவர் அப்போதும் மெதுவாகத்தான் பேசப் பார்த்தார், பேசலாம் மச்சான், உட்கார்ந்து பேசலாம் என்று. அண்ணன் அவருடைய வலது கையைச் சார்ஜ் போடும் மேடை மேல் இழுத்து வைத்தான். பெஞ்சிலிருந்து ஒரு லாரி பேட்டரியைத் தூக்கி அதன் மேல் போட்டான். அப்போதுதான் அந்த மனுஷன் வாய்விட்டுக் கத்தி நான் கேட்டேன். பேட்டரி உடைந்து ஆசிட் தரையில் ஓடி, சிமெண்ட் நுரைத்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நன்றாக வேண்டும், இன்னும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணன் இடுப்பிலிருந்த கொக்கியை உருவியபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் கடை டயர்க்காரர்தான் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, கீழே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டார். நல்ல கனமான மனுஷர். அவர் இல்லையென்றால் அன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஒரே பெஞ்சில் நானும் என் புருஷனும் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கொரு கையைத் தாங்கிக்கொண்டு. மாவுக்கட்டுப் போடுகிறவர், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தீர்களா என்று கேட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், என் புருஷன் புகார் கொடுத்தால் நானும் கொடுப்பேன் என்றேன். அவர் எங்கள் இருவர் கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டு விஷயத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் நானும் அண்ணனும் அவன் வீட்டுக்கு வந்தோம். அதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. தங்கச்சி என்றால் இப்படி ஒரு அண்ணன் வேண்டும் என்று தையல்காரர்கூட வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், மூன்று தையல் வாங்கியவர். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், டீ போடு என்றான். நான் மாவுக்கட்டோடு பின்னால் நின்றேன். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அண்ணி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அந்த நசுங்கிய வாளியில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. காலையிலிருந்து இரத்தம் நிற்கவில்லை, ஐஸ் இருந்தால் நின்றிருக்கும். பக்கத்தில் துணிப்பை, அதன் மேல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்த பல். டீ என்றவனை நிமிர்ந்து பார்த்தாள். மேலுதடு வீங்கி, பேச்சு குழறியது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"உங்க தங்கச்சி கைய உடைச்சவனப் போய் உடைச்சிட்டீங்க. சரி. என் பல்ல உடைச்சவனுக்கு யாரு போறது?"

அவள் அதை அவனிடம்தான் கேட்டாள். ஆனால் கேட்கும்போது என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷம் நான் சாத்திக்கொண்ட கதவு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. காலையில் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடிய இரண்டாவது ஆள் நான். வெட்கத்தில் எனக்கு உடம்பு எரிந்தது.

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். நான் நடுவில் போய் நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பேனா என்றும் தெரியாது. அறை என் மேல் விழுந்தது. காலையில் என் புருஷன் அறைந்த அதே கன்னம். சுவரில் போய் மோதி, மாவுக்கட்டுப் போட்ட கை அடியில் மாட்ட, கண் இருட்டிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேகமாகக் குனிந்து வாளியிலிருந்து தண்ணீரை அள்ளினான். அவள் வாய் கொப்பளித்த தண்ணீர். முகத்தில் அறைந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்தான். முகத்தில் அவள் இரத்தம் வழிந்தது, காதுக்குக் கீழே தழும்பில் வந்து நின்றது. மூச்சு வாங்க, "இப்ப சொல்லு. என்ன வேணும், சொல்லு" என்றான்.

சமையலறை வாசலில் நின்றிருந்த குழந்தை, காய்ந்து சுருங்கிய ரேங்க் கார்டையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். மூன்றாவது தண்ணீர் விழுந்துவிட்டது, அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. கையை நீட்டி, "இங்க போடணும்ப்பா" என்று இடத்தைக் காட்டினாள்.

அண்ணி எழுந்தாள். குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள், துணிப்பையை எடுத்தாள், என்னைப் பார்த்து, வர்றியா என்றாள். நாங்கள் மூன்று பேரும் முன்வாசல் வழியாகத்தான் போனோம். அவன் கையில் கார்டு இருந்தது. வழிமறிக்கவில்லை.

இப்போது நாங்கள் மூவரும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறோம். அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். எனக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, மணிக்கட்டு முன்மாதிரி வளையாது, அதனால் பட்டன் துளை தைக்கிற காஜா மெஷினிலிருந்து பட்டன் எண்ணுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பேட்டரிக் கடைக்காரர் ஆள் அனுப்பிப் பார்த்தார், நான் போகவில்லை. அறையில் ஒரே சண்டை, யார் முதலில் குளிப்பது என்று. அண்ணி சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். எந்த நேரத்திலும் பேசுகிறாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் வந்தான். தெர்மோகோல் பெட்டியைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே பொதுக்குழாய். முன்பே சவரம் செய்திருந்தான், மழமழவென்று. குழாயடியில் எங்கள் பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் ஐஸைக் கொட்டினான், தண்ணீர் பிடித்தான், கையை விட்டுக் கலக்கினான், ஆற அமரக் காத்திருந்தான். வரிசையில் நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். முகத்தில் அறைந்தான். மூன்று. நல்ல குளிர்ந்த தண்ணீர், அறைந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. உள்ளே குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவன் தெருவைத் தாண்டி வாசலில் வந்து நின்றான். தோல் இறுகி, உதடு நீலம் பூத்து, தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் பழைய அண்ணன், பதினோரு வயதில் எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவன்தான் எங்களுக்கு வேண்டும், இவன் மட்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வாங்க என்று மெதுவாகச் சொன்னான். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்றான். மனதாரச் சொன்னான், அதில் பொய் இல்லை.

அண்ணி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, வெகு நேரம் பார்த்தாள். பல் போன இடத்தில் நாக்கு ஒரு முறை போய்வந்தது.

"இந்தத் தண்ணி காயறதுக்குள்ள போயிடுங்க" என்றாள்.

அவன் கையைத் தூக்கினான். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், ஈரம் இருக்கிறதா என்று. நெற்றி ஏற்கெனவே காய ஆரம்பித்திருந்தது, வெயில் ஏறிவிட்டது. அவன் முகத்தில் ஒரு பயம் வந்தது. அப்பாவிடம் அடி வாங்கும்போதுகூட நான் பார்க்காத பயம். திரும்பினான். தெருவைத் தாண்டியதும் நடையை எட்டிப் போட்டான், முனை திரும்பும்போது ஓடிக்கொண்டிருந்தான்.

பெட்டியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதில் இன்னும் கொஞ்சம் ஐஸ் இருந்தது. மத்தியானம் வரைக்கும் யாரும் தொடவில்லை, பிறகு குழந்தை போய்க் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தாள்.